ஃபேர்வே கணக்கு மறைக்கும் துல்லியம்

கால்ஃபில் ஒவ்வொரு குழிக்கும் தொடக்க இடமான டீயிலிருந்து அடிக்கும் நீண்ட முதல் அடிக்கு டிரைவ் என்று பெயர். அப்படி அடித்த பந்து, ஒட்ட வெட்டிய புல்பரப்பான ஃபேர்வேயின் ஓரத்தைத் தாண்டி ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் நீளமான புல்லில் நிற்கிறது. அடுத்த அடிக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. அதே குழியில் இன்னொருவர் அடித்த பந்து மதிலைத் தாண்டிச் சாலையில் விழுந்துவிட்டது. அவர் ஒரு தண்ட அடியைச் சேர்த்துக்கொண்டு டீயிலிருந்து மறுபடி அடிக்க வேண்டும். ஸ்கோர் அட்டையில் ஃபேர்வே என்ற கட்டத்தில் இருவருக்கும் விழுவது ஒரே பெருக்கல் குறிதான்.

புதுச்சேரியில் பெத்தாங்க் ஆடுகிறவர்கள் இப்படி ஒரு கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்கு எந்த இரும்புக்குண்டு நெருக்கம் என்பதுதான் அங்கே ஆட்டமே. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால் டேப் வெளியே வரும். குறிபார்த்து அடிக்கும் தனிப் போட்டியிலும் பட்டதா, படவில்லையா என்பதோடு விடுவதில்லை. குறிக்குண்டை லேசாகத் தொட்டால் 1 புள்ளி, அதைச் சுற்றி வரைந்த வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 3, தள்ளிவிட்டுத் தன் குண்டு வட்டத்துக்குள்ளேயே நின்றால் 5. நான்கு தூரங்களில் மொத்தம் 20 எறி, அதிகபட்சம் 100 புள்ளி. பத்து மீட்டருக்குள் முடிகிற ஆட்டத்தில் இவ்வளவு தரம் பிரிக்கிறார்கள். இருநூறு மீட்டருக்கு மேல் பந்து பறக்கும் ஆட்டத்திலோ, டிரைவுக்கு ஆமாம் அல்லது இல்லை என்று இரண்டே விடைகள்.

ஃபேர்வே சதவீதம் என்பது அடித்தவரின் நேர், அடியின் நீளம், மைதானத்தின் அகலம் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணில் போட்டுக் குழைக்கிறது. அவற்றைப் பிரித்தெடுத்தால்தான் எதைத் திருத்துவது என்று தெரியும். அதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு டேப், கொஞ்சம் கயிறு, மூங்கில் கழிகள், ஒரு நோட்டு, பொறுமை ஆகியவை போதும்.

முதலில் இப்போது இருக்கும் கணக்கு. ஒரு குழியை முடிக்க வகுத்திருக்கும் அடி எண்ணிக்கை பார். 18 குழி மைதானத்தில் பெரும்பாலும் நான்கு குழிகள் பார் 3. அங்கே முதல் அடியே, குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையான கிரீனை நோக்கிப் போவதால் ஃபேர்வே கணக்கில் சேராது. மிச்சம் 14. அதில் எத்தனை பந்து ஃபேர்வேயில் நின்றது என்பதே சதவீதம். எந்த மட்டையால் அடித்தார் என்ற கேள்வி இல்லை. நீண்ட அடிக்கான மட்டையான டிரைவரைப் பையில் வைத்துவிட்டு இரும்பு மட்டையால் தட்டிவிட்டாலும் சரிதான். அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் சராசரி 60 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. நீளத்தையும் நேரையும் சேர்த்துப் பார்க்க "டோட்டல் டிரைவிங்" என்று ஒரு கணக்கு அங்கே உண்டு. நீளத்தில் எத்தனையாவது இடம், ஃபேர்வேயில் எத்தனையாவது இடம் என்று பார்த்து இரண்டையும் கூட்டுவது. தரவரிசை எண்களைக் கூட்டுவதில் பொருள் கிடையாது. 10-ஆம் இடத்துக்கும் 20-ஆம் இடத்துக்கும் நடுவே அரை கஜம்தான் வித்தியாசம் இருக்கலாம், முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே ஆறு கஜம் இருக்கலாம். கூட்டும்போது அதெல்லாம் காணாமல் போய்விடும்.

நேர் என்பது கோணம்

டீயில் நிற்பவருக்கும் குறிக்கும் நடுவே ஒரு கோடு இழுங்கள். பந்து நின்ற இடத்துக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையில் எத்தனை டிகிரி? அடியின் நேரை அளக்கும் அடிப்படை அளவு இதுதான். 1 டிகிரி விலகினால் 200 கஜத்தில் பந்து மூன்றரை கஜம் பக்கவாட்டில் போகும். 250 கஜத்தில் 4.4 கஜம், 300 கஜத்தில் 5.2 கஜம். (கஜம் என்பது 0.9144 மீட்டர். நம் நாட்டுக் கால்ஃபில் இன்னும் கஜம்தான் புழங்குகிறது.)

இப்போது 30 கஜ அகலமுள்ள ஃபேர்வேயை எடுத்துக்கொள்வோம். நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 15 கஜம். 200 கஜம் அடிப்பவருக்கு அந்த ஓரம் 4.3 டிகிரி தள்ளி இருக்கிறது. 250 கஜம் அடிப்பவருக்கு 3.4 டிகிரி, 300 கஜம் அடிப்பவருக்கு 2.9 டிகிரிதான். மூவருக்கும் ஒரே அளவு சிதறல், அதாவது 4 டிகிரி திட்டவிலக்கம் (ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பந்துகள் நடுவிலிருந்து இரு பக்கமும் 4 டிகிரிக்குள் நிற்கும்) என்று வையுங்கள். மூவரும் நடுவைப் பார்த்தே அடிக்கிறார்கள். கணக்குப் போட்டால் முதலாமவருக்கு 72 சதவீதம், இரண்டாமவருக்கு 61, மூன்றாமவருக்கு 53 சதவீதம் ஃபேர்வே கிடைக்கும். நேரில் மூவரும் சமம். அட்டையைப் பார்ப்பவர் நீளமாக அடிப்பவரைத் தாறுமாறாக அடிக்கிறவர் என்று முடிவு கட்டுவார். அவர் போய்ப் பயிற்சியாளரிடம் நின்று, ஒன்றும் கெட்டுப்போகாத அடியை மாற்றத் தொடங்குவார். பார்த்துச் சகிக்க முடியாத வீண்வேலை இது.

கோணத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சென்னை நந்தனத்தில் ஆடிய கணக்கையும் ஊட்டியில் ஆடிய கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஊட்டி 2,200 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு என்பதால் பந்து கூடுதல் தூரம் போகும், பக்கவாட்டு விலகலும் கஜக் கணக்கில் மாறும். கோணம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மெல்லிய காற்றில் பந்து வளைவது சற்றுக் குறையும், அவ்வளவே.

உலகத் தரத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சிதறல் 3 முதல் 4 டிகிரி. வார இறுதியில் ஆடி 90 அடிகளில் முடிப்பவருக்கு இது ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த வித்தியாசத்தை ஃபேர்வே சதவீதம் முழுதாகக் காட்டுவதில்லை, ஏனென்றால் வார இறுதி ஆட்டக்காரர் 60, 70 கஜம் குறைவாக அடிக்கிறார். குட்டையான அடியில் கோணத் தவறு மறைந்துகொள்கிறது.

ஒரு நாள் ஆட்டத்தின் சதவீதத்தை நம்பக் கூடாது என்பதற்கும் ஒரு கணக்கு. 60 சதவீதம் திறமை உள்ளவர் 14 டிரைவ் அடித்தால் சராசரியாக 8.4 ஃபேர்வே. திறமை துளியும் மாறாமல், தற்செயலால் மட்டுமே ஒரு நாள் 5 வரும், இன்னொரு நாள் 12 வரும். பத்து ஆட்டம் சேர்த்து 140 டிரைவ் ஆன பிறகும் 8 புள்ளி மேலேயோ கீழேயோ ஆடும். போன மாதம் 55, இந்த மாதம் 62 என்று மகிழ்வதற்கு அதில் ஒன்றுமில்லை. கோணத்தை அளந்தால் ஒவ்வொரு அடியும் எவ்வளவு விலகியது என்ற அளவோடு கணக்கில் சேருகிறது. அதனால் குறைந்த பந்துகளிலேயே உருப்படியான விடை கிடைக்கும்.

தப்பிய பந்துக்கு என்ன விலை?

கோணம் அடித்தவரைப் பற்றிச் சொல்கிறது. அந்தக் கோணத்தால் ஆட்டத்தில் என்ன இழந்தார் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை கொடுத்தவர் கொலம்பியா பல்கலைக்கழக வணிகப் பள்ளிப் பேராசிரியர் மார்க் பிராடி. 2000-களின் தொடக்கத்திலிருந்து பிஜிஏ டூர் தன் போட்டிகளில் கருவிகளை வைத்து ஒவ்வொரு அடியும் எங்கிருந்து எங்கே போனது என்று பதிவு செய்துவருகிறது. ஷாட்லிங்க் என்று அதற்குப் பெயர். அந்தக் குவியலிலிருந்து, இன்ன தூரத்தில், இன்ன புல்லில் கிடக்கும் பந்தைக் குழிக்குள் போடச் சராசரியாக எத்தனை அடி ஆகிறது என்று பிராடி அட்டவணை போட்டார். "ஸ்ட்ரோக்ஸ் கெயின்டு" எனப்படும் முறை அதிலிருந்து வந்தது. டூர் இதை முதலில் 2011-ல் பட்டிங்குக்கு, அதாவது கிரீனில் பந்தை உருட்டிக் குழியில் போடும் அடிகளுக்கு, கொண்டுவந்தது. டீ அடிக்குத் தனிக் கணக்கு 2016-ல் வந்தது.

அட்டவணையை ஒரு குழியில் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். 440 கஜம் நீளமுள்ள பார் 4. டீயில் நிற்கும்போது டூர் சராசரி 4.08 அடி. ஒருவர் 300 கஜம் அடித்து ஃபேர்வேயில் நிறுத்தினார். மிச்சம் 140 கஜம். அங்கிருந்து சராசரி 2.91. ஆக 4.08-லிருந்து 2.91-ஐக் கழித்து, அடித்த ஓர் அடியையும் கழித்தால் 0.17 மிச்சம். நல்ல டிரைவ். அதே தூரத்தில் ரஃபில், அதாவது நீண்ட புல்லில் கிடந்தால் சராசரி 3.15. கணக்கு 0.07 நட்டம். மரங்களுக்கு நடுவே மாட்டி, பக்கவாட்டில் தட்டி வெளியே எடுக்க வேண்டிய நிலை என்றால் சராசரி 3.80, நட்டம் 0.72. எல்லைக்கு வெளியே, நம் ஆட்டக்காரர்கள் ஓ.பி. என்று சொல்வது, போய்விட்டால் மறுபடி டீயிலிருந்து மூன்றாவது அடி. நட்டம் முழுதாக 2.

அட்டையில் இந்தக் கடைசி மூன்றுக்கும் ஒரே குறி என்பதை நினைத்துப் பாருங்கள். 0.07, 0.72, 2.00. மிகக் குறைந்த நட்டத்துக்கும் மிகப் பெரிய நட்டத்துக்கும் ஏறக்குறைய முப்பது மடங்கு வித்தியாசம்.

அதே குழியில் இன்னொரு ஒப்பீடு. ஒருவர் 260 கஜம் அடித்து ஃபேர்வே நடுவில் நிற்கிறார். மிச்சம் 180 கஜம், சராசரி 3.08, அதனால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. இன்னொருவர் 320 கஜம் அடித்து ரஃபில் நிற்கிறார். மிச்சம் 120 கஜம், ரஃபிலிருந்து சராசரி அதே 3.08. ஃபேர்வேயைத் தப்பவிட்டவரும் பிடித்தவரும் சமநிலையில் நிற்கிறார்கள். 2020-ல் விங்கட் ஃபுட் மைதானத்தில் நடந்த யு.எஸ். ஓபனில் பிரைசன் டிஷாம்போ இந்தக் கணக்கை நம்பித்தான் ஓங்கி அடித்தார். நான்கு நாளில் 56 ஃபேர்வேயில் 23-ஐத்தான் பிடித்தார். ஆறு அடி வித்தியாசத்தில் கோப்பையை வென்றார். பாருக்குக் கீழே முடித்தவர் அவர் ஒருவர்தான்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்த அதிதி அசோக், களத்தில் மிகக் குறைந்த நீளம் அடித்தவர்களில் ஒருவர். மேலே சொன்ன எண்களும் டூர் ஆட்டக்காரர்களின் சராசரி. அவர்களின் கைவலுவுக்கு ரஃப் ஒரு கால் அடிதான். நமக்கு மழைக்காலத்தில் நனைந்த அடர்புல்லிலிருந்து பந்தை எடுப்பதே பெரும்பாடு. ஆனால் விலைகளின் வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான். ரஃபுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளி, ஃபேர்வேக்கும் ரஃபுக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரியது. ஓ.பி. எல்லாவற்றையும் விழுங்கும்.

வயலில் அளப்பது

கோணத்தை நாமே அளக்கலாம். தை, மாசியில் பாகூர்ப் பக்கமும் கடலூர்ப் பக்கமும் சம்பா அறுவடை முடிந்த வயல்கள் வெறுமையாகக் கிடக்கும். வயல்காரரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தாளடியில் உளுந்து தெளித்திருந்தால் அந்த வயலில் கால் வைக்கக் கூடாது. எவ்வளவு இடம் வேண்டும்? டிரைவருக்கு உருண்டோடுவதையும் சேர்த்து 300 மீட்டர் நீளம். 12 டிகிரி விலகிய பந்து 220 மீட்டரில் 47 மீட்டர் பக்கவாட்டில் இருக்கும். அதனால் கோட்டின் இரு பக்கமும் 60 மீட்டராவது ஆளோ மாடோ நடமாட்டம் இல்லாமல் இருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஒன்பது ஏக்கர் வருகிறது. அவ்வளவு வெளி இல்லையென்றால் 7-ஆம் எண் இரும்பு மட்டையால் அளந்து பழகலாம். இடத்தைக் குறுக்கிக்கொண்டு டிரைவர் அடிப்பது மட்டும் வேண்டாம். அந்தப் பந்து பட்டால் மண்டை உடையும்.

கோட்டைப் பெரும்பாலும் கிழக்கு மேற்காகப் போடுங்கள். நம் கரையில் முற்பகல் ஏறியதும் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கிளம்பும். வடக்குத் தெற்காகக் கோடு போட்டால் அது பந்தைக் குறுக்கே தள்ளி, பத்து கஜத்துக்கு மேல் கணக்கைக் கெடுத்துவிடும். காலையிலேயே, காற்று எழுவதற்கு முன், மேற்கு நோக்கி அடியுங்கள். சூரியனும் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பந்து போவது கண்ணுக்குத் தெரியும்.

டீயில் ஒரு கழி, 100 மீட்டரில் ஒன்று, 200 மீட்டரில் சிவப்புத் துணி கட்டிய உயரமான கழி ஒன்று. டீக்குப் பின்னால் நின்று பார்த்தால் மூன்றும் ஒரே கோட்டில் மறைய வேண்டும். நிலம் அளப்பவர்கள் செய்வதும் இதுதான். மூன்றாவது கழிதான் குறி. 30 பந்துகளில் மார்க்கரால் 1 முதல் 30 வரை எண் எழுதுங்கள். எல்லாம் ஒரே வகைப் பந்தாக இருக்கட்டும். பயிற்சி மைதானத்தில் தேய்ந்துபோன பந்துகளும் புதுப் பந்துகளும் கலந்தால் பறப்பதே வேறு மாதிரி இருக்கும்.

பத்துப் பத்தாக அடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் நடுவே பந்தை விட்டு விலகி, பின்னால் போய் நின்று, மறுபடி குறிபார்த்து வாருங்கள். மைதானத்தில் ஒரு டிரைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே கால் மணி நேரம் போகும், நடுவில் வேறு மட்டைகளால் அடிப்போம். இங்கே இடைவெளி விடாமல் முப்பதையும் அடித்தால் ஐந்தாவது பந்திலேயே கை பழகிவிடும். அப்போது கிடைக்கும் சிதறல் மைதானத்தில் கிடைப்பதைவிடச் சின்னதாக இருக்கும். அதை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம்.

எல்லாம் அடித்து முடித்த பிறகுதான் வயலுக்குள் இறங்க வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு எண். கோட்டின் வழியே டீயிலிருந்து எவ்வளவு தூரம், கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தள்ளி. செங்குத்து சரியாக வருவதற்குக் கொத்தனார் மூலைமட்டம் பார்க்கும் வழியே போதும். கயிற்றில் 3, 4, 5 மீட்டருக்கு முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்தால் சரியான மூலை கிடைக்கும். பக்கவாட்டுத் தூரத்தை நீளத் தூரத்தால் வகுத்து 57.3-ஆல் பெருக்குங்கள். 190 மீட்டரில் 12 மீட்டர் வலது என்றால் 3.6 டிகிரி. வலதுக்குக் கூட்டல், இடதுக்குக் கழித்தல்.

வரப்பில் பட்டுத் திரும்பிய பந்து தெளிவாகத் தெரிந்தால் அதை விட்டுவிடலாம். காய்ந்த நிலத்தில் வளைந்து வந்த பந்து விழுந்த பிறகும் அதே பக்கம் உருண்டோடும், அதனால் கோணம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். விழுந்த தடம் மண்ணில் தெரிந்தால் அதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நோட்டில் 30 எண்கள் இருக்கின்றன. அவற்றின் சராசரி உங்கள் சாய்வு. கூட்டல் 3 என்றால் பொதுவாக வலப்பக்கம் போகிறீர்கள். சிதறலுக்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம். எண்களை இடது கோடியிலிருந்து வலது கோடி வரை வரிசைப்படுத்தி இரு பக்கமும் ஐந்தைந்து எண்களை மறைத்துவிடுங்கள். நடுவில் மிஞ்சும் 20 எண்களின் முதலாவதுக்கும் கடைசிக்கும் உள்ள இடைவெளியில் பாதி, கிட்டத்தட்டத் திட்டவிலக்கம். சாய்வையும் சிதறலையும் எப்போதும் தனித்தனியாக வையுங்கள். சாய்வு பெரும்பாலும் நிற்கும் நிலையிலும் குறிபார்ப்பதிலும் வரும் தவறு, ஒரு மாலைப் பொழுதில் திருத்தலாம். சிதறலைக் குறைக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டும்.

மறைத்த ஐந்தைந்தையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பத்துப் பந்து மட்டும் அடித்ததாக ஓர் எடுத்துக்காட்டு: 2, 5, -1, 4, 7, 3, -3, 6, 1, 16. அந்த 16 டிகிரிப் பந்தை "அது கணக்கில்லை, கால் வழுக்கிவிட்டது" என்று விட்டால் சிதறல் 3.3 டிகிரி, தொழில்முறை ஆட்டக்காரர் தரம். சேர்த்தால் 5.2. மைதானத்தில் ஓ.பி. போவது அந்தப் பத்தாவது பந்துதான். அதை விட்ட கணக்கு யாருக்கும் உதவாது.

எண்களை வரைபடத் தாளில் புள்ளியாக வைத்துப் பார்ப்பதும் அவசியம். ஒரே சிதறல் எண் இரண்டு மாதிரியான ஆட்டக்காரர்களுக்கு வரலாம். ஒருவருடைய புள்ளிகள் நடுவில் குவிந்து ஓரங்களில் மெலியும். இன்னொருவருக்கு இடப்பக்கம் ஒரு கொத்து, வலப்பக்கம் ஒரு கொத்து, நடுவில் காலி. இரண்டாமவர் எந்தப் பக்கம் குறி வைத்தாலும் பாதிப் பந்து மாட்டும். அவருக்குச் சிதறல் எண்ணைவிட, எந்தக் கொத்தை ஒழிப்பது என்பதே முதல் வேலை.

ஏன் விலகுகிறது என்று தெரிய மட்டையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பந்து கிளம்பும் திசையைப் பெருமளவு தீர்மானிப்பது, மோதும் நொடியில் மட்டை முகம் பார்த்த திசை. பிறகு வளைவது முகத்துக்கும் மட்டை வந்த பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். பந்து முகத்தின் எந்த இடத்தில் பட்டது என்பதும் சேரும். வலக்கை ஆட்டக்காரருக்கு நுனியில் பட்டால் பந்து இடப்பக்கமும், கழுத்துப் பக்கம் பட்டால் வலப்பக்கமும் வளையும். முகத்தில் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தடவிவிட்டு அடித்தால் பட்ட இடத்தில் வட்டத் தடம் விழும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நு, ந, க என்று, நுனி, நடு, கழுத்துக்கு ஓர் எழுத்து குறித்துக்கொண்டால் போதும். பெரிய விலகல்கள் எல்லாம் க-வாக இருந்தால் பாதையை மாற்ற வேண்டியதில்லை. நிற்கும் தூரத்தை மாற்றிப் பாருங்கள்.

வயலே கிடைக்காதவர்களுக்கு வலை இருக்கிறது. தேங்காய்த்திட்டிலோ கடலூர் துறைமுகத்திலோ பழைய இழுவை வலைத் துண்டு கிடைக்கும். கண் ஓர் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் கால்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர்தான். இரண்டு மடிப்பாக, தொய்வாகத் தொங்கவிடுங்கள். விறைப்பாகக் கட்டினால் பந்து அடித்தவர் மீதே திரும்பி வரும். மெல்லிய நரம்பு வலை வேண்டாம், நாலு நாளில் கிழிந்துவிடும். டீயிலிருந்து 5 மீட்டரில் வலை, அதன் முன் ஒரு துணி, துணியில் 8.7 சென்டிமீட்டருக்கு ஒரு செங்குத்துக் கோடு. ஒரு கோட்டுக்கு ஒரு டிகிரி. இது கிளம்பும் திசையை மட்டும்தான் சொல்லும், வளைவைச் சொல்லாது. ஆனாலும் முகம் எத்தனை டிகிரி திறந்து வருகிறது என்பதை வீட்டுப் பின்கட்டிலேயே தெரிந்துகொள்ளலாம்.

கருவிகள்

டென்மார்க்கின் டிராக்மேன் போன்றவை ரேடார் அலையால் பந்தைப் பின்தொடர்கின்றன. ஃபோர்சைட் நிறுவனத்தின் கருவிகள் பக்கத்தில் நின்று கேமராவால் மோதும் நொடியைப் படம் பிடிக்கின்றன. இரண்டும் நன்றாக அளக்கும். கெடுவது பெரும்பாலும் வைக்கும் விதத்தில். கருவி 2 டிகிரி திரும்பி நின்றால் எல்லா எண்ணிலும் 2 டிகிரி ஏறிவிடும். சாய்வு பொய்யாகும், சிதறலுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் வாடகைக்கு எடுத்த கருவியில் சிதறலை நம்பலாம், சாய்வை நம்புவதற்கு முன் கோட்டைச் சரிபாருங்கள்.

கைபேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியில் 3 முதல் 5 மீட்டர் வரை தவறும். 200 மீட்டரில் அது 1 டிகிரியிலிருந்து ஒன்றரை டிகிரி. மைதானத்தில் பொதுக் கணக்குக்குப் போதும், நுணுக்கத்துக்குப் போதாது. மட்டைப் பிடியில் திருகி வைக்கும் சென்சார்களிலும் இதே எல்லை உண்டு. அவற்றில் இன்னொரு குறை: நீங்கள் எதைக் குறிபார்த்தீர்கள் என்று அவற்றுக்குத் தெரியாது. இடப்பக்கம் குளம் இருந்ததால் வேண்டுமென்றே வலது ஓரத்தைப் பார்த்து அடித்தீர்கள், பந்து அங்கேயே போய் நின்றது. ஃபேர்வே நடுவை வைத்து அளந்தால் அது விலகல். நீங்கள் செய்ததோ மிகச் சரியான அடி.

குறியை நகர்த்துவது

அளந்த எண்ணை மைதானத்தில் எப்படிப் பயன்படுத்துவது? 250 கஜம் அடிக்கிறீர்கள், சிதறல் 5 டிகிரி, சாய்வு இல்லை. ஃபேர்வே 30 கஜம். வலப்பக்கம் நடுக்கோட்டிலிருந்து 25 கஜத்தில் எல்லைக் கல், அதாவது 5.7 டிகிரியில். இடப்பக்கம் வெறும் ரஃப். நடுவைப் பார்த்து அடித்தால் 100 டிரைவில் 51 ஃபேர்வே, ஏறத்தாழ 13 ஓ.பி. குறியை 2 டிகிரி, சுமார் 9 கஜம், இடப்பக்கம் நகர்த்துங்கள். ஃபேர்வே 47 ஆகக் குறையும், ஓ.பி. 6 ஆகும். நாலு ஃபேர்வே போனதில் நட்டம் சுமார் ஓர் அடி. ஏழு ஓ.பி. தவிர்த்ததில் லாபம் சுமார் 14 அடி. அடிக்கும் விதத்தில் எதையும் மாற்றவில்லை. ஃபேர்வே சதவீதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் இந்த மாற்றத்தைச் செய்யவே மாட்டார், ஏனென்றால் அவருடைய எண் இறங்குகிறது.

அட்டையில் ஃபேர்வே கட்டத்தில் குறி போடுவதற்குப் பதிலாக மூன்று சொற்களில் ஒன்றை எழுதலாம். அடுத்த அடியைக் கிரீனை நோக்கி அடிக்க முடிந்தால், பந்து ஃபேர்வேயில் கிடந்தாலும் ரஃபில் கிடந்தாலும், "சரி". சவுக்கு மரத்துக்குப் பின்னால் மாட்டித் தட்டி எடுக்க வேண்டியிருந்தால் "தடை". தண்ணீர், ஓ.பி., காணாமல் போன பந்து எல்லாம் "தண்டம்". விலை 0, 1, 2. தடைக்குச் சரியான விலை முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு, ஆனால் முழு எண்ணாக வைத்தால் நடந்துகொண்டே கூட்டலாம். பக்கத்தில் எந்தப் பக்கம் குறிபார்த்தோம், காற்று எங்கிருந்து வந்தது என்று இரண்டு அம்புக்குறிகள். குறி அம்பை அடிப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். பந்து போன பிறகு போட்டால், அது போன பக்கத்தைத்தான் பார்த்தோம் என்று மனம் சொல்லும்.

ஐந்தாறு ஆட்டங்களின் அட்டைகளைச் சேர்த்து, தண்டம் என்று எழுதிய குழிகளை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். அவை ஒரே பக்கத்தில் விழுந்திருக்கின்றனவா, கடற்காற்று கிளம்பிய பிறகு வந்த குழிகளில்தான் விழுந்திருக்கின்றனவா என்பது அம்புக்குறிகளிலேயே தெரிந்துவிடும். ஒரே பக்கம் என்றால் அந்தக் குழிகளில் குறியை இரண்டு டிகிரி நகர்த்துங்கள். இரு பக்கமும் சிதறியிருந்தால் அந்தக் குழிகளில் டிரைவரைப் பையிலேயே வைத்துவிட்டு, வயலில் அளந்ததில் சிதறல் குறைவாக வந்த மட்டையை எடுங்கள்.